முன்கண்ணாடிப் பற்றுச்சீட்டில் ஒரு வரி வேண்டும்

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் வாகனங்களின் மின்வேலை செய்து பிழைக்கிறவன் நான். எங்கள் கராஜுக்கு அடிக்கடி வருகிற ஒரு முறைப்பாட்டை உங்கள் சபை ஒரேயொரு பணிப்புரையால் பெருமளவு நிறுத்திவிடலாம். அதனால்தான் இந்த மடலைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

“பாஸ், கண்ணாடியில விழுற ஸ்பீட் ரெண்டு ரெண்டாத் தெரியுது. டிஸ்ப்ளே பழுதாப் போச்சு, மாத்த வேணும்.” இதுதான் அந்த முறைப்பாடு.

ஓட்டுநர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே வேகத்தைப் பார்க்கும்படி முன்கண்ணாடியில் எண்ணைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயைத்தான் சொல்கிறார்கள். போர் விமானங்களில் இருந்த இந்த வசதியை 1988இல் ஜெனரல் மோட்டர்ஸ் அமெரிக்காவிலும் நிசான் ஜப்பானிலும் காருக்குக் கொண்டுவந்தன. இன்று பிரியஸ், வெகன் ஆர் போன்ற, எங்கள் வீதிகளில் சாதாரணமாக ஓடும் வண்டிகளின் சில தரங்களில் இது இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பவும் திறந்துவிடப்பட்டதால், இந்த வசதியுள்ள வண்டிகள் இன்னும் கூடும். ஓட்டமாவடி தாண்டித் திருகோணமலை வீதியில் இரவில் போகிறவருக்கு இது ஆடம்பரம் இல்லை. மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும் இடங்கள் அவை. அங்கே மீட்டரைப் பார்க்கக் குனியாமல் ஓட்டுவது பெரிய ஆறுதல்.

இனி, எண் ஏன் இரண்டாகிறது என்பதைச் சொல்கிறேன். டாஷ்போர்டுக்குள் சிறு திரை ஒன்று ஒளிர்கிறது. அந்த ஒளி குழிவான ஆடி ஒன்றில் பட்டு மேலே போய், முன்கண்ணாடியில் தெறித்து ஓட்டுநரின் கண்ணுக்கு வருகிறது. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் அவற்றின் நடுவே ஒட்டிய பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. உள்முகத்தில் ஒரு பிம்பம் தெறிக்கும், வெளிமுகத்தில் இன்னொன்று தெறிக்கும். சாதாரணக் கண்ணாடியில் நடுப்படலம் எங்கும் ஒரே தடிப்பு, ஆகவே இரண்டு பிம்பங்களும் மேலும் கீழுமாக விலகித் தெரியும். ஹெட்-அப் டிஸ்ப்ளேக்கென்று செய்த கண்ணாடியில் அந்தப் படலம் மேலே சற்றுத் தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுதான் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது.

செங்கலடி – பதுளை வீதியில் மணல் டிப்பருக்குப் பின்னால் போகிறவர்களின் கண்ணாடியில் கல் தெறிப்பது வழமை. வெடிப்பு நீண்டால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். கடையில் “இந்த மொடலுக்குப் பொருந்தும்” என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அளவு பொருந்தும், வளைவு பொருந்தும், நடுப்படலம் பொருந்தாது. பற்றுச்சீட்டில் “முன்கண்ணாடி 1” என்று மட்டும் இருக்கும். அன்றைக்குப் பகல் வெளிச்சத்தில் வண்டியை எடுத்துப் போனவர் பிறகொரு இரவில் இரட்டை எண்ணைப் பார்த்ததும், கண்ணாடியை நினைக்காமல் டிஸ்ப்ளேயைச் சந்தேகிக்கிறார். பிறகு கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் சொல்லிவிட்டு, பழைய யூனிட் ஒன்றைக் காசு கொடுத்து எடுப்பித்து, டாஷ்போர்டைக் கழற்றிப் பூட்டுகிறார். அப்போதும் எண் இரண்டாகவே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் தேவையில்லை. ஸ்கேனர் இதைச் சொல்லவும் மாட்டாது, ஏனென்றால் யூனிட்டில் பிழையே இல்லை. இருட்டில் வண்டியைச் சுவருக்கு முன் நிறுத்துங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க, மற்றவர் வெளியே நின்று கண்ணாடியில் விரலை நகர்த்த வேண்டும். விரல் எண்ணுக்கு நேரே வந்ததும் உள்ளே இருப்பவர் சொல்வார். அந்த இடத்தில், வெளிப்புறமாக, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். வெளிமுகத் தெறிப்பை டேப் விழுங்கிவிடும். இரண்டு எண்களில் ஒன்று உடனே மங்கி மறைந்தால் பிழை கண்ணாடியில். இரண்டும் அப்படியே இருந்தால்தான் டாஷ்போர்டைக் கழற்றும் பேச்சு.

மற்றப் பழுதுகளும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் சின்னவை. ஓட்டுநர் கண்ணுக்குப் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டால் எண் காணாமல் போகும், கழற்றினால் திரும்பி வரும். கார் கழுவுமிடத்தில் பூசிய பொலிஷ் டாஷ்போர்டுத் துளையின் மூடியில் படிந்து மங்கலாக்கும். பற்றரி பலவீனமானாலோ பியூஸ் போனாலோ ஒன்றுமே வராது. எங்கள் உப்புக்காற்றில் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதையும் பார்க்க வேண்டும். நடுவெயிலில் மணிக்கணக்காக நின்ற வண்டியில் சூரிய ஒளி அதே குழியாடியால் குவிந்து உள்திரையைச் சுட்டுவிடுவதும் உண்டு, அது உண்மையிலேயே யூனிட் பழுது. இவை எல்லாம் கைவேலைக்காரர் பார்த்துக்கொள்ளக்கூடியவை. கடையில் மறைந்துபோகும் ஒரு தகவலை மட்டும் எங்களால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களின் சுட்டி, விலைக்குறிப்பு, விற்பனை பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. உணவுப் பொதிகளில் விலையையும் காலாவதித் திகதியையும் அச்சிட வைத்தவர்கள் நீங்கள். வாகன முன்கண்ணாடி விற்பவர், பூட்டிக் கொடுப்பவர் எல்லோரும் பற்றுச்சீட்டில் அதன் பாக இலக்கத்தையும், “ஹெட்-அப் டிஸ்ப்ளேக்கு ஏற்றது” அல்லது “ஏற்றதல்ல” என்பதையும் எழுத வேண்டும் என்று வர்த்தமானியில் ஒரு பணிப்புரை வெளியிடுங்கள். வண்டியின் செசி இலக்கத்தை உற்பத்தியாளரின் பாகப் பட்டியலில் போட்டால் சரியான இலக்கம் கிடைக்கும். கடைக்காரருக்கு அது நிமிட வேலை. விலை குறைந்த சாதாரணக் கண்ணாடியே போதும் என்று ஒருவர் தெரிந்து வாங்கினால் அது அவர் விருப்பம். தெரியாமல் வாங்க வைப்பதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

அந்த வரி தமிழிலும் இருக்க வேண்டும். படுவான்கரையிலிருந்து வருகிற விவசாயியும், காத்தான்குடி வியாபாரியும், வாடகைக் கார் ஓட்டும் பையனும் அதை வாசித்தே காசு கொடுக்க வேண்டும்.

உங்கள் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். டிஸ்ப்ளேயைச் சந்தேகித்து அலைகிறவருக்கு அந்தக் காலம் கராஜிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே 1977 இலக்கத்தில் பதில் சொல்பவர்களும் மாவட்ட அலுவலர்களும், இரட்டைப் பிம்பம் என்ற சொல்லைக் கேட்டதும் “அண்மையில் கண்ணாடி மாற்றினீர்களா?” என்று கேட்கப் பழக வேண்டும். மட்டக்களப்பில் உள்ள உங்கள் அலுவலர்களுக்கு அந்த டேப் சோதனையை வண்டியிலேயே செய்துகாட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாகன மின்வேலைத் தொழிலாளி ஒருவர்,
மட்டக்களப்பு.