ஏற்றத்தில் நடுங்கிய லான்ட் ரோவர்

டிக்கோயா ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை மிதித்தாலே நமது பழைய லான்ட் ரோவர் உடல் முழுதும் நடுங்கிற்று. காலை எடுத்ததும் அடங்கிற்று. "சில்லில்தான் கோளாறு" என்றார் நண்பர். சில்லின் குறை வேகத்தைப் பின்தொடருமேயன்றி, மிதிப்பதையும் விடுவதையும் அறியாது. பாரம் இழுக்கையில் மட்டும் தோன்றும் நடுக்கத்துக்கு, பின் அச்சைச் சுழற்றும் ஷாப்டின் குரொஸ்களையே முதலிற் சோதிக்கவேண்டும்.

ஷாப்டைக் கையால் திருகினோம். குரொஸ் ஒன்று தேய்ந்து ஆடிற்று. கிரீஸ் காணாத செந்துரு வேறு! சாய்வாகச் சுழலும் குரொஸ் ஒரு சுற்றில் இருமுறை விரைந்து, இருமுறை தளரும். மறுமுனைக் குரொஸ் அதை ஈடுசெய்ய, ஷாப்டின் இரு கவைகளும் ஒரே நேரில் நிற்கவேண்டும். எனவே, வழுக்கி நீளும் நடு இணைப்பைப் பிரிக்குமுன் அடையாளம் இடுக.

வாசகர்களுக்கு இன்னொன்று. 1948இல் அறிமுகமான இவ்வின வண்டிகளின் பழைய வகைகளில், கைப்பிரேக் பிடிப்பது சில்லுகளையன்று. கியர்ப்பெட்டியின் பின்னே, அந்த ஷாப்டின் தலைப்பையே. ஷாப்டைக் கழற்றினால் பின்சில்லுகளுக்குப் பிடிப்பேது? கியரில் விட்டும் பயனில்லை. நாம் இதை மறந்தோம். கடைசிப் போல்ட் கழன்றதும், நாம் அடியிற் கிடக்கவே, வண்டி தேயிலைச் சரிவை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. மகன் உருட்டிவிட்ட கல்லொன்று அதை நிறுத்திற்று.

அந்தக் கல் இன்றும் வண்டியிலேயே பயணஞ் செய்கிறது. இல்லாள் அதை இறக்க விடுவதில்லை.