டர்போ இருக்கட்டும், முதல்ல தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்க

போன எபிசோடுல சித்தப்பாவோட 1993 மார்க் டூ பத்தி ரெண்டே நிமிஷம்தான் பேசினேன். வந்த மெயிலைப் பார்த்தா நீங்க எல்லாரும் அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும்தான் கேட்டிருக்கீங்க போல. பாதிப் பேர் சொன்னது ஒண்ணுதான்: "1ஜி இஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு 1ஜேஇசட் டர்போ வைங்க." எழுதினவங்க இருக்கிறது டொராண்டோ, லண்டன், சிட்னி. வண்டி ஓடுறது யாங்கோன்ல. நம்ம கருத்து வேறுபாடு அங்கதான் ஆரம்பிக்குது.

கேட்காதவங்களுக்காக: வண்டி டொயோட்டா மார்க் டூ, ஜிஎக்ஸ்90 பாடி. இஞ்சின் 1ஜி-எஃப்இ. 1988 சிசி, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், போர் 75 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 75 மி.மீ., புதுசுல 135 குதிரைத்திறன். இந்த அமைப்போட அழகே அதிர்வு இல்லாததுதான். முன்னாடி மூணு பிஸ்டனும் பின்னாடி மூணும் கண்ணாடி பிம்பம் மாதிரி நகரும். ஒண்ணோட ஆட்டத்தை இன்னொண்ணு அடக்கிடும். தனியா பேலன்ஸ் ஷாஃப்ட்டே வேணாம்.

சித்தப்பா (அவருக்கு அது இன்னும் ரங்கூன்தான்) இந்த வண்டியை ஏர்போர்ட் சவாரிக்கு ஓட்டுறார். குடும்பம் ஓடுறதும் அதுலதான். 2011-ல அரசாங்கம், 40 வருஷத்துக்கு மேல ஆன வண்டியை ஒப்படைச்சா ஜப்பான்ல இருந்து பழைய கார் இறக்க அனுமதின்னு கதவைத் திறந்துச்சு. அதுக்கப்புறம் ஊரே ஜப்பான் கார் ஆயிடுச்சு. 1970-லயே சாலையில வலது பக்கம் போகணும்னு மாத்திட்டாங்க, ஆனா வந்த கார்கள்ல ஸ்டீயரிங்கும் வலது பக்கம். ஓவர்டேக் பண்றப்போ எதிர்ல வர்ற லாரியை முதல்ல பார்க்கிறது டிரைவர் இல்ல, பக்கத்து சீட்ல இருக்கிறவர். 2017-ல வலப்பக்க ஸ்டீயரிங் கார் இறக்குமதியை நிறுத்திட்டாங்க. இப்ப இருக்கிற மார்க் டூ எல்லாம் இருக்கிறதுதான். மலேசியால இருக்கிறவங்க ஹாஃப்-கட் கடைக்குப் போய் இஞ்சின் பொறுக்கிட்டு வரலாம். சித்தப்பா ஒரு ஹெட்டை வளைச்சுட்டா அடுத்த ஹெட்டைத் தேடி அலையணும். அலையற நாள் எல்லாம் சவாரி இல்ல.

சரி, டர்போ ஏன் வேணாம்? 1ஜேஇசட்-ஜிடிஇ நல்ல இஞ்சின்தான், 280 குதிரைத்திறன், மறுக்கல. ஆனா அது ஜப்பானோட ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் பண்ணது. அங்க அதோட குறைந்தபட்ச அளவு 96. யாங்கோன் பங்க்ல பொதுவா கிடைக்கிறது 92, 95. டர்போ காத்தை அமுக்கும், அமுக்கினா சூடாகும், அந்தச் சூட்டைக் குறைக்க இன்டர்கூலருக்குள்ள காத்து ஓடணும். ஹ்லேடான் ஜங்ஷன்ல முக்கால் மணி நேரம் நிக்கிற வண்டிக்கு எந்தக் காத்து? 1ஜி-எஃப்இ-யோ ஜப்பான் சாதா பெட்ரோலுக்கே, அதாவது 89-90 ஆக்டேனுக்கே செஞ்சது. 92 அதுக்குத் தாராளம். சித்தப்பா அதுக்கு 95 போட்டு "வண்டிக்கு சத்து" கொடுத்துட்டிருந்தார். அது காசுக்குப் பிடிச்ச கேடு.

நான் போனப்போ வண்டி எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். மேம்பாலம் ஏறினா மூச்சு வாங்குது. "டேய் தம்பி, பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குடா"ன்னார். பானெட்டைத் திறந்தா காளான் மாதிரி ஒரு பளபள ஏர் ஃபில்டர். ஒரிஜினல் பெட்டியையும், கிரில் பக்கம் போற குழாயையும் கழட்டிட்டு யாரோ "பெர்ஃபார்மன்ஸ்"னு மாட்டி விட்டிருக்காங்க. இதைக் கொஞ்சம் கணக்குப் போடுங்க. ஏப்ரல்ல வெளிக்காத்து 38 டிகிரி. ஜாம்ல பானெட்டுக்குள்ள இருக்கிற காத்து 65 டிகிரின்னு வெச்சுக்கோங்க. அந்தச் சூட்டுக் காத்தோட அடர்த்தி சுமார் 8 சதவீதம் கம்மி. 135-ல பத்து குதிரையை அந்தக் காளான் தின்னுட்டு "உஷ்ஷ்"னு சத்தம் மட்டும் கொடுக்குது. சத்தம் சூப்பர், ஒத்துக்கிறேன்.

அடுத்தது தெர்மோஸ்டாட். காணோம்! சூடான ஊர்ல அது எதுக்குன்னு ஒரு மெக்கானிக் எப்பவோ எடுத்துட்டாராம். நம்ம ஊர்லயும் இந்தப் பழக்கம் உண்டு. அது இல்லாட்டி இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். கூலன்ட் சென்சார் "இன்னும் குளிரா இருக்கு"ன்னு சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பி பெட்ரோலை அள்ளிக் கொட்டும். பைபாஸையும் அடைக்கிற வகை தெர்மோஸ்டாட்னா இன்னும் மோசம்: அதை எடுத்துட்டா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்தும், ஜாம்ல சூடு ஏறும். இன்லைன் சிக்ஸோட ஹெட் நீளம். ஒரு தடவை நல்லா சூடேறினா வளையிறதும் அதான்.

டைமிங்கும் பின்தங்கித்தான் இருந்துச்சு. டயக்னோஸ்டிக் பெட்டியில டிஇ1, இ1 ரெண்டையும் ஒரு துண்டு வயரால இணைச்சு, டைமிங் லைட் பிடிச்சு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10 டிகிரிக்கு வெச்சோம். அரை மணி நேர வேலை. புது பிளக், பழைய ஃபில்டர் பெட்டி (வீட்டு மாடியிலயே தூசியோட கிடந்துச்சு), தெர்மோஸ்டாட், குழாய்த் தண்ணிக்குப் பதிலா கூலன்ட். இப்ப மேம்பாலத்துல ஓவர்டிரைவை ஆஃப் பண்ணாமலே ஏறுது. பெட்ரோல் வரிசையில நிக்கிற நாளும் குறைஞ்சிருக்கு. கடந்த சில வருஷமா அந்த வரிசை எவ்வளவு நீளம்னு அங்க சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஒருத்தர் கெட்டிக்காரத்தனமா கேட்டிருந்தார்: "யாங்கோன் பஸ்ல எல்லாம் இஞ்சினை மாத்தித்தானே ஓட்டினாங்க?" உண்மைதான். ரெண்டாம் உலகப் போர்ல கனடாவில் செஞ்ச ஷெவ்ரோலே ராணுவ லாரிகள் மரப் பாடி கட்டிக்கிட்டு அந்த ஊர்ல பல பத்தாண்டு பஸ்ஸா ஓடுச்சு. அதுவும் இன்லைன் சிக்ஸ்தான், 216 கன அங்குலம், 85 குதிரைத்திறன். பிறகு பலதுல ஜப்பான் டீசல் ஏறுச்சு. ஆனா வேகம் வேணும்னு யாரும் அதை மாத்தல. எது மலிவா ஓடும், எதுக்கு ஸ்பேர் கிடைக்கும்னு பார்த்து மாத்தினாங்க. சித்தப்பா வண்டிக்கும் நான் கேட்கிறது அதே கேள்விதான்.

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமேன்னு எழுதினவருக்கு: அங்க கரன்ட் எப்ப வரும், எப்ப போகும்னு ஒரு வாரம் இருந்து பார்த்துட்டு வாங்க, பேசலாம்.

இன்னும் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணல, அதை ஒத்துக்கணும். இஞ்சின் சூடா இருக்கணும், ஆறு பிளக்கும் கழட்டியிருக்கணும், த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும். ஆறு அளவுல ஒண்ணு மட்டும் மத்ததை விட 10 சதவீதத்துக்கு மேல கீழ நின்னா அப்பதான் ஹெட்டைத் திறக்கிற பேச்சு. அடுத்த மாசம் அத்தை அங்க போறாங்க. பையில கம்ப்ரஷன் கேஜ், டைமிங் பெல்ட், வால்வ் கவர் கேஸ்கெட்னு எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு கிலோ கொடுத்து விடறேன். மீதி இடத்தை சித்தி சாம்பார் பொடிக்கு புக் பண்ணிட்டாங்க. ஆறு நம்பரும் வந்ததும் அடுத்த மெயில்ல போடறேன்.