கோட்டையில் உலவுவது யார்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்சிலிருந்தும் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்குச் சுற்றுலா செல்வோர் உண்டு. அங்குள்ள கெல்லி கோட்டையைக் காணும் முன்பே அதன் பேய்க்கதைகள் பேருந்தில் ஏறிவிடுகின்றன. இரவில் வெள்ளைக்காரத் துரை தாழ்வாரத்தில் நடக்கிறாராம்!

ஸ்காட்லாந்திலிருந்து மலாயாவுக்கு வந்து, ரப்பர் தோட்டத்தால் செல்வம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித்தான் அந்தத் துரை. 1915-இல் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானார். கட்டடம் பாதியில் நின்றது. லிஸ்பனில் இறந்தவர் இவ்வளவு தொலைவு நடந்தா வருவார்?

பேய்க்கதை சொல்வதில் தவறில்லை. துரையின் தாய்நாட்டில், எடின்பர்க் நகரின் பழைய நிலவறைகளை ஆவிக்கதைகளோடுதான் சுற்றிக் காட்டுகிறார்கள். ஹாலோவீன் இரவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றுவதும் அவர்களின் பழைய வழக்கம். கதை கேட்க வருபவர்கள் வரலாற்றையும் கேட்டுச் செல்வார்கள். கெல்லி கோட்டையிலோ கதையின் பெரும்பகுதி விடுபட்டுப் போகிறது.

கோட்டையைக் கட்டியவர்களில் பலர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். கொள்ளைநோய் பரவி அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டனர். துரையும் கட்டிக் கொடுத்தார். அருகிலுள்ள அக்கோயிலின் கூரையில், தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைக்காரர் உருவம் ஒன்று இன்றும் நிற்கிறது. மாண்ட தொழிலாளர்களோ பேய்க்கதையில்கூட அரிதாகவே வருகிறார்கள். ஆவியாக உலவும் உரிமையும் முதலாளிக்கு மட்டும்தானா?

வழிகாட்டிகள் சுற்றுலாவை அந்தக் கோயிலிலிருந்து தொடங்க வேண்டும். துரையின் ஆவியைப் பற்றி அதன்பின் பேசலாம்.