அப்பா கார்டிகனுக்கு எந்த நூல்?

என் ரூம்மேட் ரெண்டு மாசமா ஊசியும் கையுமாவே திரிஞ்சா. அவ அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு, தை-மாசிப் பனியில் ட்ரெயின் பிடிக்கிற மனுஷனுக்கு, முன்னாடி பட்டன் வெச்ச கார்டிகன் ஒண்ணு பின்னிக் கொடுத்தா. அப்பா பூரிச்சுப் போய் வாங்கிக்கிட்டார். ஆனா, போடவே இல்லை.

"ஏம்ப்பா, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னம்மா... நெருப்புகிட்ட நிக்கிறவன் நான். இது உருகுற நூலு. பொறி பட்டா தோல்ல ஒட்டிக்கும்!"

பாவம், முகம் செத்துப்போச்சு. கலரா இருக்கு, விலையும் கம்மினு அவ வாங்கினது அக்ரிலிக்!

நீங்களும் ஏமாறாம இருக்க ஈஸியான டெஸ்ட். துண்டு நூலை இடுக்கியால் பிடிச்சு, தண்ணீர் ஊத்தின தட்டுக்கு மேலே வெச்சு கொளுத்துங்க. காகிதம் எரியுற வாசனையும் மெத்துனு சாம்பலும் வந்தா பருத்தி. முடி கருகின நாத்தம் வந்து, தீ தானா அணைஞ்சா கம்பளி. உருகி, கெட்டியா கறுப்பு மணி மாதிரி ஆனா அக்ரிலிக். (மாடியில், திறந்த வெளியில் செய்யுங்க. ஹாஸ்டல் ரூமில் வேண்டாம்!)

நம்ம ஊர் வியர்வைக்கும் பருத்திதான் சரி. சாதாரண ஈரக் காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கும். அக்ரிலிக் 2 கிராமைத் தாண்டாது. உடம்பு நசநசங்கும். கம்பளி இதமானது, இழுத்தா திரும்பவும் சுருங்கும். ஆனா நம்ம பனிக்கு அது கொஞ்சம் ஓவர்.

பருத்தியிலும் வில்லங்கம் உண்டு. கனம் அதிகம், இழுவை கம்மி. நாளாக நாளாக கீழே தொங்கும். அதனால் முதலில் நாலு அங்குலச் சதுரம் பின்னி, துவைச்சு, காய வெச்சு, அப்புறம் அளவெடுங்க. லேபிளில் இருக்கும் சாய லாட் நம்பர் எல்லா உருண்டைக்கும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா ஒரு கை மட்டும் வேற கலர்ல நிக்கும். ஒரு உருண்டை கூடுதலாவே வாங்கிடுங்க.

ரூம்மேட் இப்போ பருத்தியில் மறுபடி ஆரம்பிச்சிருக்கா. "பருத்தியும் தீப்பிடிக்கும்மா. உள்ளே போறப்ப கழட்டி வெச்சிடுவேன். ட்ரெயினுக்கு மட்டும்தான்"னு அப்பா முன்கூட்டியே சொல்லிட்டார். இந்த வருஷப் பனி முடிஞ்சிடும். "பரவால்லடி, அடுத்த மார்கழி இருக்கே!"ங்கிறா.

பழைய அக்ரிலிக்? அதை அவளே போட்டுக்கிட்டு உட்கார்ந்துதான் புதுசைப் பின்னுறா!