பணயம் பிடிப்பது யார்?

2003 ஜூலை மாதம் நடந்ததை உழைப்பாளி மக்கள் மறந்திருக்க முடியாது. பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பத் தரவேண்டும் என்று கேட்டு, தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் கொடுத்த பதில் என்ன? சுமார் 1,70,000 பேரை, விசாரணை ஏதுமின்றி, ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆகஸ்டு 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கிடையாது என்றது தீர்ப்பு. அத்துடன் நிற்கவில்லை. வேலைநிறுத்தத்தின் மூலம் சமுதாயத்தை ‘ரான்ஸம்’ பிடிக்க ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்றும் சொல்லிற்று.

‘ரான்ஸம்’ என்றால் என்ன? ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, விடுவிப்பதற்கு வாங்கும் பணம். கொள்ளைக்காரன் கேட்பது அது. அந்தச் சொல் குமாஸ்தாவின் மீதும் பள்ளிக்கூட ஆசிரியரின் மீதும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

இங்கிலீஷ் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1972லும் 1974லும் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தேசத்தையே ‘ரான்ஸம்’ பிடிக்கிறார்கள் என்று முதலாளிப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. பஸ் நின்றால் பிரயாணிகள் ‘ஹாஸ்டேஜ்’, அதாவது பணயக்கைதிகள். ஆஸ்பத்திரி ஊழியர் நின்றால் நோயாளிகள் பணயக்கைதிகள். துறைமுகம் நின்றால் தேசப் பொருளாதாரமே பணயக்கைதி! ஆனால் முதலாளி ஆலையைக் கதவடைப்புச் செய்து, ஆயிரம் குடும்பங்களைப் பட்டினி போட்டால்? அதற்கு ‘நிர்வாக முடிவு’ என்று பெயர். கேட்ட வரிச்சலுகை தராவிட்டால் மூலதனத்தை வேறு ராஜ்யத்துக்குக் கொண்டுபோவேன் என்று கம்பெனி மிரட்டினால்? அது ‘முதலீட்டாளர் நம்பிக்கை’ பற்றிய பிரச்னையாம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணயம் பிடிப்பவன் பிறருடையதைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை கேட்கிறான். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி எதை நிறுத்தி வைக்கிறான்? தன் சொந்த உழைப்பை. அது அவன் கையில் உள்ள ஒரே சரக்கு. விலை கட்டவில்லை என்று சரக்கை விற்க மறுக்கும் வியாபாரியை யாராவது கொள்ளைக்காரன் என்கிறார்களா? ஜனங்களுக்குத் தொல்லை ஏற்படுவது வாஸ்தவம்தான். ஆனால் தொல்லை வேறு, பணயம் வேறு.

2003ல் பணயம் பிடித்தது யார் என்றே கேட்கலாம். 1,70,000 குடும்பங்களின் சோற்றைப் பிடித்து வைத்தது யார்? நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், இனி வேலைநிறுத்தம் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று விலை கூறியது யார்? அதற்கு ‘ரான்ஸம்’ என்று ஒரு பத்திரிகையும் பெயர் சூட்டவில்லை.

இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஆளைக் கடத்துவதற்கு இங்கிலீஷில் ‘கிட்னாப்’ என்பார்கள். ‘கிட்’ என்றால் குழந்தை. ‘நாப்’ என்றால் பிடுங்கு, திருடு. 17ஆம் நூற்றாண்டில் பிறந்த சொல் இது. அமெரிக்கக் காலனிகளின் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். இங்கிலாந்தின் துறைமுக வீதிகளில் ஏழைச் சிறுவர்களையும் வாலிபர்களையும் ஏமாற்றியும் இழுத்தும் கப்பலேற்றி விற்ற தரகர்களுக்கு ஏற்பட்ட பெயர்தான் ‘கிட்னாப்பர்’. ஆக, உழைப்பாளியைத் திருடிய குற்றத்துக்கு ஏற்பட்ட சொல் இது. இன்று அதன் உறவினரான ‘ரான்ஸ’த்தை உழைப்பாளியின் மீதே திருப்பி வீசுகிறார்கள்!

நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டுவோம். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைக் காரன்வாலிஸ் பணிய வைத்தான். ராஜ்யத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டதோடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கேட்டான். பணம் கட்டி முடியும்வரை திப்புவின் பிள்ளைகள் இருவரைப் பிடித்துச் சென்னையில் வைத்துக்கொண்டான். இருவரும் சிறுவர்கள். 1794ல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். இதை வெள்ளைக்காரர்கள் மறைக்கவில்லை. பெருமையாகச் சித்திரமே தீட்டினார்கள். காரன்வாலிஸ் அந்தப் பிள்ளைகளைத் தந்தையைப் போல வரவேற்கும் சித்திரங்கள் அவை. பிள்ளைகளை ‘ஹாஸ்டேஜ்’ என்றே எழுதினார்கள். ஆனால் அவர்களுக்காக வாங்கிய பணத்தை ‘ரான்ஸம்’ என்று எழுதவில்லை. அதற்கு ‘யுத்த நஷ்டஈடு’ என்று பெயர் வைத்தார்கள். பிடித்தவன் கவர்னர் ஜெனரல் ஆயிற்றே!

பிடிபட்டவன் எந்தத் தரப்பு என்று பார்த்துத்தான் இன்றும் சொல் மாறுகிறது. 1979 நவம்பர் 4ஆம் தேதி டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். அதைப் பற்றி ஏ.பி.சி. டெலிவிஷன் இரவுதோறும் நடத்திய நிகழ்ச்சியின் பெயர் என்ன தெரியுமா? ‘பணயமாய்ப் பிடிபட்ட அமெரிக்கா’! 52 பேர் பிடிபட்டதால் 22 கோடி மக்களின் தேசமே பணயமாகிவிட்டதாம். 1953ல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவாளிகள் சதி செய்து மொஸாடெக் சர்க்காரைக் கவிழ்த்தபோது, ஈரான் தேசமே பணயமாகிவிட்டது என்று எந்தப் பத்திரிகை எழுதிற்று?

2003 பிப்ரவரியில் இத்தாலியின் மிலான் நகரத் தெருவிலிருந்து அபூ ஒமர் என்ற எகிப்தியரை சி.ஐ.ஏ. ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். விமானத்தில் எகிப்துக்கு அனுப்பிச் சிறையில் அடைக்க வைத்தார்கள். இத்தாலியக் கோர்ட் இதை ஆள்கடத்தல் என்றே கருதி, 2009ல் 23 அமெரிக்கர்களுக்குத் தண்டனை விதித்தது. ஆனால் இங்கிலீஷ் பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் ‘ரெண்டிஷன்’. ‘ஒப்படைப்பு’ என்பது போன்ற சாதுவான சொல். ஏதோ தபால் பார்சலை ஒப்படைத்தது போல!

இஸ்ரேலின் கதையைக் கேளுங்கள். காணாமற்போன தன் விமானப்படை வீரன் ஒருவனுக்காகப் பேரம் பேசுவதற்கென்று, லெபனான் நாட்டவர் சிலரை அது ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது. அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் 1997ல் இதற்கு அனுமதி தந்தது. 2000ல் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டு, கூடாது என்றது. உடனே 2002ல், ‘சட்டவிரோதப் போராளி’ என்று பெயர் சூட்டி ஆட்களை அடைத்து வைக்கப் புதுச் சட்டம் வந்தது. அந்த லெபனான்காரர்களை இங்கிலீஷில் எப்படிக் குறிப்பிட்டார்கள்? ‘பார்கெயினிங் சிப்’ என்று. சூதாட்ட மேஜையில் வைக்கும் வில்லைக்கு அந்தப் பெயர். சூதாட்டத்தில் வைப்பதற்குத் தமிழில் என்ன பெயர்? பணயம்! தருமன் பாஞ்சாலியை வைத்தானே, அதுதான். தமிழில் மொழிபெயர்த்த உடனே முகமூடி கழன்று விழுகிறது.

2023 அக்டோபர் 7ஆம் தேதி குழந்தைகளும் முதியவர்களும் உள்பட 251 பேரைக் காஸாவுக்குப் பிடித்துச் சென்றார்கள். அது பணயம் பிடித்தல்தான். அதை வேறு பெயரால் அழைக்க நாம் சம்மதிக்கமாட்டோம். ஆனால் 2024 தொடக்கத்தில் இஸ்ரேலியச் சிறைகளில் 3,000க்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர்கள் குற்றச்சாட்டு இல்லாமல், விசாரணை இல்லாமல், ரகசிய ஆதாரம் என்ற பெயரில் அடைபட்டிருந்தார்கள். ஆறு மாத உத்தரவு. முடிந்தால் மறுபடியும் ஆறு மாதம். இவர்கள் ‘டிடெய்னி’கள். கைமாற்றத்தின்போது ஒரு தரப்பில் ‘பணயக்கைதி’ வீடு திரும்பினான். மறு தரப்பில் வெறும் ‘கைதி’ விடுதலையானான். கைதி என்றவுடனே, ஏதோ குற்றம் செய்திருப்பான் என்று வாசகன் எண்ணிக்கொள்கிறான். ஒரு பொய்யும் சொல்லாமலே பொய் பரவிவிடுகிறது!

சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 1941 அக்டோபரில் பிரான்சில் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி கொல்லப்பட்டான். அந்தக் கொலையில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஏற்கனவே முகாமில் அடைபட்டிருந்த 27 பேரை, ‘பணயக்கைதிகள்’ என்று முத்திரை குத்தி, 22ஆம் தேதி ஷாட்டோப்ரியான் என்ற ஊரில் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். கீ மோக்கே என்ற வாலிபனுக்கு வயது 17. இத்தகைய ரத்தத்தின் மீதுதான், பணயம் பிடிப்பது கூடாது என்ற ஷரத்து 1949 ஜெனிவா ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அவ்வளவு கனமான சொல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிரயாணிக்கும் சூட்டினால், உண்மையிலேயே துப்பாக்கி முனையில் இருப்பவனின் துயரம் மலிவாகிவிடாதா?

நம் தமிழ்ப் பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷ் செய்தி ஸ்தாபனம் அனுப்புவதை அப்படியே மொழிபெயர்த்து, ‘மக்களைப் பணயக்கைதிகளாக்கும் வேலைநிறுத்தம்’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். எழுதுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆளைப் பிடித்து வைத்திருப்பது யார்? விடுவிக்க என்ன விலை கேட்கிறார்கள்? இதே காரியத்தை எதிர்த்தரப்பு செய்திருந்தால் இதே சொல்லை எழுதுவீர்களா?

தோழர்களே! வாசகர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகவேண்டும். நாளை உங்கள் ஆலை வாசலில் நீங்கள் நியாயம் கேட்டு நிற்கும்போது, முதலில் உங்கள் மீது பாய்வது தடியல்ல, இந்தச் சொல்தான். தடிக்கு வழி திறந்து விடுவதும் அதுவே. அந்தச் சொல்லை அச்சிட்டவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்: “பணயம் பிடிப்பது யார்?”