கோடை விடுமுறையில் பல்கலைக்கழக ஆராய்ச்சி: அறிவியல் ஆசிரியர்களின் கோரிக்கை மனு

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள், பள்ளிக் கல்வித் துறை
அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை
தலைமைச் செயலகம், சென்னை

அனுப்புநர்
அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் அறிவியல், தொழில்நுட்ப ஆசிரியர்கள் சார்பில், சங்கத்தின் மாநிலச் செயற்குழு

பொருள்: பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் ஆராய்ச்சி செய்வதற்கு நிலையான திட்டம் ஏற்படுத்த வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழகத்துப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல், தொழிற்கல்வி ஆகிய பாடங்களைக் கற்பித்துவரும் ஆசிரியர்களாகிய நாங்கள், எங்கள் சங்கத்தின் பொதுக்குழு ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தின்படி இம்மனுவைத் தங்கள் மேலான பரிசீலனைக்குச் சமர்ப்பித்துக்கொள்கிறோம். ஊதியம், பதவி உயர்வு, பணியிட மாறுதல் ஆகியவை பற்றி நாங்கள் அவ்வப்போது அளித்துவரும் மனுக்கள் வேறு. கோடை விடுமுறையில் ஆறு வார காலம், மாநிலத்துப் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும், விஞ்ஞானிகளின் வழிகாட்டுதலில் பள்ளி ஆசிரியர் மெய்யான ஆராய்ச்சியில் ஈடுபடுவதற்கு வேண்டிய ஏற்பாட்டை அரசு செய்து தர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

இதன் அவசியத்தை விளக்குவதற்கு, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு சிறு சம்பவத்தை எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறோம். குவிலென்சைத் தாங்கியில் பொருத்தி, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தின் பிம்பத்தைத் திரையில் விழச்செய்து, அளவுகோலால் தூரத்தை அளக்கும் மாணவி, தனக்கு 20.8 சென்டிமீட்டர் கிடைத்திருக்க, பக்கத்து மேசையில் இருப்பவளின் தாளில் 20 என்று எழுதியிருப்பதைக் கண்டு, தன் எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு 20 என்றே எழுதி, சராசரி கண்டு, அலகு போட்டு, முழு மதிப்பெண்ணும் பெற்றுச் செல்கிறாள். அந்த மரம் லென்சிலிருந்து ஐந்து மீட்டர் தொலைவில் நிற்பதானால், 20 சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்சு அதன் பிம்பத்தை 20.8 சென்டிமீட்டரில்தான் தரும் என்பதை, அவள் அதே ஆண்டில் படித்த லென்சுச் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். அவள் கண்டது மெய். அழித்ததும் அந்த மெய்யைத்தான். "ஏன் அழித்தாய், மரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று கேட்க அருகில் ஓர் ஆசிரியர் இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பௌதிக சாஸ்திரத்தின் ஆன்மாவையே அவள் தரிசித்திருப்பாள். ஆயினும் அந்த ஆசிரியர், கல்லூரியில் பட்டம் பெற்றபோதும் பி.எட். பயின்றபோதும், விடை முன்கூட்டியே தெரிந்த பரிசோதனைகளை மட்டுமே செய்து பழகியவர். விடை எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியோடு ஒரு வார காலமேனும் போராடிப் பார்க்கும் சந்தர்ப்பத்தை அவருக்கு இந்தக் கல்வி முறை ஒருபோதும் அளித்ததில்லை.

இக்குறையைப் பணியிடைப் பயிற்சிகள் நீக்கிவிடும் என்று கருதுவதற்கில்லை. புதிய பாடநூல்கள் 2018-19 கல்வியாண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது அப்பயிற்சிகள் பெரிதும் உதவின என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்து, திரையில் ஓடும் படங்களைக் குறிப்பெடுத்து, மாலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பும் பயிற்சியினால் தெரிந்த விஷயம் தெரியாதவருக்குப் போய்ச் சேருமேயன்றி, தெரியாததைத் தேடிக் காணும் சுபாவம் யாருக்கும் வந்துவிடாது. அரசு 2022இல் தொடங்கிவைத்த வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளைத் தம் கையால் பரிசோதனை செய்யத் தூண்டுகிறது. அக்குழந்தைகள் நாளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்து கேட்கப்போகும் கேள்விகளுக்கு ஈடுகொடுக்கும் ஆசிரியரை உருவாக்குவது அந்நற்பணியின் இயல்பான தொடர்ச்சியாகும்.

அரசுப் பணியில் இருப்பவர் ஆராய்ச்சியும் செய்ய இயலுமா என்ற ஐயம் எழக்கூடும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1907 முதல் 1917 வரை பெரும்பாலும் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும், இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் தம் ஆராய்ச்சிகளை நடத்திவந்தார். அவருடைய மேதை அபூர்வமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தச் சங்கத்தின் கதவு கணக்கதிகாரி ஒருவருக்குத் திறந்திருந்தது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

எங்கள் கோரிக்கை முன்னுதாரணம் இல்லாததன்று. நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் சில்வர்ஸ்டைன் என்னும் உடலியல் பேராசிரியர் 1990இல் தொடங்கிய திட்டத்தின்படி, பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் தொடர்ந்து இரண்டு கோடைகளில், ஒவ்வொன்றிலும் எட்டு வாரம், உதவித்தொகை பெற்று ஆய்வுக்குழுக்களில் பணியாற்றினார்கள். அதன் பயனை அவர் குழுவினர் ஆராய்ந்து 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்து மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவ்வாசிரியர்களின் மாணவர்கள், அதே பள்ளிகளில் திட்டத்தில் சேராத ஆசிரியர்களின் மாணவர்களைவிட, மாநிலத் தேர்வில் 10.1 சதவீதம் அதிகமாகத் தேர்ச்சி பெற்றிருந்தனர். ஆசிரியர்கள் வேலையை விட்டு விலகுவதும் குறைந்தது. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் பள்ளிகளுக்கு 1.14 டாலர் மிச்சமாயிற்று. பயன் தெளிவாகப் புலப்பட்டது மூன்றாம் ஆண்டில்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்கு விசேஷமாகக் கொண்டுவருகிறோம். தென்னை நட்டவன் மறு வருஷமே காய் எதிர்பார்ப்பதில்லை.

நம் நாட்டிலும் 1963 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் அமெரிக்க உதவியோடு அறிவியல் ஆசிரியர்களுக்குக் கோடைகாலப் பயிலகங்கள் நடத்தின. புதிய பாடத்திட்டங்களை அறிமுகம் செய்வதே அவற்றின் பிரதான நோக்கமாக இருந்தது. அதற்கு அப்பாலும் சென்ற முயற்சி என்று நாங்கள் கருதுவது மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டமாகும். டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களோடு சரிசமமாக அமர்ந்து, அவர்களுடைய சந்தேகங்களையே பாடநூலின் அஸ்திவாரமாகக் கொண்டார்கள். கோடைப் பயிற்சியோடு நின்றுவிடாமல் மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடித் தங்கள் வகுப்பறை அநுபவங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அத்திட்டம் 2002இல் அரசாணையால் நிறுத்தப்பட்டது என்பது வருந்தத்தக்கது. ஆயினும் முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை நடவாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது.

தமிழகத்துக்கு இவ்விஷயத்தில் வாய்த்திருக்கும் சாதகங்கள் பிற மாநிலங்கள் பலவற்றுக்கு இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நடைபெறுகிறது. கொடைக்கானலின் சூரிய ஆய்வகத்தில் எவர்ஷெட் என்னும் விஞ்ஞானி 1909இல் கண்ட உண்மை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உதகைக்கு அருகில், மலைச்சரிவின் சாய்மானம் அவ்விடத்து அட்சரேகையின் அளவாகிய ஏறக்குறைய 11 பாகையோடு ஒத்திருப்பதைக் கண்டு, அச்சரிவின்மேலேயே 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கியை அமைத்திருக்கிறார்கள். பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும் அதனை ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இதைப் படத்தில் காட்டி விளக்கும் ஆசிரியருக்கும், ஆறு வாரம் அங்கிருந்து வானத்திலிருந்து வரும் சமிக்ஞையைப் பதிவுசெய்து, இரைச்சலிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கத் திணறி, பிறகு பிரித்தெடுத்து வந்த ஆசிரியருக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் முதல் வகுப்பிலேயே கண்டுகொள்வார்கள்.

பெரிய கருவிகள் உள்ள இடத்தில்தான் ஆராய்ச்சி நடக்கும் என்பதுமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளூரைடு மிகுதியால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதை அங்கே பணிபுரியும் ஆசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பறையில் தினந்தோறும் காண்கிறார். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவ்வூர் வேதியியல் ஆசிரியர் கோடையில் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தம் கிராமத்துக் கிணறுகளின் நீரைத் தாமே சோதித்து, எந்த ஆழத்தில், எந்தப் பாறையில், எந்தப் பருவத்தில் அளவு ஏறுகிறது என்று கண்டுவருவாரானால், ஜூன் மாதத்தில் குப்பியில் தண்ணீர் கொண்டுவரும் மாணவனிடம் அவர் சொல்லும் வார்த்தைக்கு உள்ள கனமே வேறு. ஊராட்சிக்கும் அது பிரயோசனப்படும்.

ஆகவே நாங்கள் பணிவுடன் வேண்டுவன இவை. முதலாண்டில் 38 மாவட்டங்களிலிருந்தும் மாவட்டத்துக்கு இருவராக 76 ஆசிரியர்களைத் தேர்ந்து திட்டத்தைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்து இருவரில் ஒருவரேனும் கிராமப்புறப் பள்ளியில் பணிபுரிபவராயிருத்தல் வேண்டும். தேர்வுக்குப் பணிமூப்பையோ மதிப்பெண்ணையோ அளவுகோலாகக் கொள்ளாமல், தாம் அறிய விரும்பும் கேள்வியை ஆசிரியர் ஒரு பக்கத்தில் எழுதித் தரும் விண்ணப்பத்தையே பிரதானமாகக் கொள்ள வேண்டும். ஆறு வாரங்களும் பணிக்காலமாகக் கருதப்பட்டு அதற்குரிய ஈட்டிய விடுப்பு கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். அவ்வாண்டு விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட வேண்டும். விடுமுறைக்குள் ஆறு வாரம் நிரம்பாவிடில் ஜூன் மாதத்தின் முதல் சில நாட்களும் மாற்றுப்பணியாக அனுமதிக்கப்பட வேண்டும். பயணப்படியும், தங்குமிடமும், கௌரவமான ஒரு மாதாந்திர நல்கையும் வழங்குவது அரசுக்குப் பெருஞ்சுமையாகாது என்று நம்புகிறோம்.

பெண் ஆசிரியர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவியல் ஆசிரியர்களில் பெண்கள் பெருந்தொகையினர். கைக்குழந்தையையோ முதிய பெற்றோரையோ விட்டு ஆறு வாரம் வெளியூரில் தங்குவது அவர்களில் பலருக்கு இயலாத காரியம். அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் சென்றுவரும் உரிமையும், விடுதியில் குழந்தையோடு தங்க வசதியும், ஆறு வாரத்தை இரண்டு கோடைகளில் மும்மூன்று வாரமாகப் பிரித்துக்கொள்ளும் சலுகையும் அவர்களுக்கு அளிக்கப்படாவிட்டால், இத்திட்டம் பாதி ஆசிரியர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். இதில் சமரசத்துக்கு எங்களால் உடன்பட இயலாது.

வழிகாட்டும் பேராசிரியருக்கும் இது உபரிச் சுமையாகிவிடக் கூடாது. அவருக்கு ஓர் ஆய்வுத்தொகையும், பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் உரிய இடமும் உயர்கல்வித் துறை அளிக்க வேண்டும். ஆசிரியரைக் குடுவை கழுவவும் ஏடு எடுத்துத் தரவும் பயன்படுத்தாமல், ஒரு கேள்வியை அவர் பொறுப்பிலேயே விடுவது என்னும் நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்குத் தமிழக அரசே கடிதம் எழுதி இடம் கேட்டுத் தர வேண்டும். தனி ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு ஆங்கே பதில் வருவது அரிது.

ஆய்வறிக்கையைத் தமிழில் எழுத அனுமதி வேண்டும். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்த மொழி இது; அதில் எழுத முடியாத பௌதிகமோ ரசாயனமோ இல்லை. அவ்வறிக்கைகளை ஆண்டுதோறும் ஒரு தொகுதியாக அச்சிட்டு எல்லாப் பள்ளி நூலகங்களுக்கும் அனுப்பினால், வழுக்களும் பூர்த்தியாகாத ஆய்வுகளும் உள்பட அவற்றைப் படிக்கும் மாணவர், விஞ்ஞானம் நம் ஊரிலும் நடக்கிறது என்பதைக் கண்ணாரக் காண்பார்.

கோடை கழிந்து பள்ளிக்குத் திரும்பிய ஆசிரியருக்கு நேரும் இடர் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். பல பள்ளிகளில் ஆய்வகக் கருவிகள் பீரோவில் பூட்டியபடியே இருக்கின்றன. காரணம் அலட்சியமன்று, உடைந்த ஒரு பிப்பெட்டுக்கு இருப்புப் பதிவேட்டில் விளக்கம் எழுதித் தணிக்கையின்போது பதில் சொல்ல நேருமே என்னும் அச்சம். மாணவர் கையாளும் கருவி உடையத்தான் செய்யும். ஆகையால், திட்டத்தில் பங்குபெற்ற ஆசிரியரின் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கருவிகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பதோடு, செய்முறை வகுப்பில் இயல்பாக உடையும் பொருளைத் தலைமை ஆசிரியரே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம் என்று ஒரு தெளிவான ஆணையும் பிறப்பிக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறுவள மையக் கூட்டத்தில் ஓர் அமர்வு இவ்வாசிரியர்களுக்கு ஒதுக்கப்படுமாயின், அவர்களுடைய அநுபவம் சக ஆசிரியர்களுக்கும் பரவும்.

திட்டத்தின் பயனை மூன்று கல்வியாண்டுகள் முடியும் முன் மதிப்பிட்டு முடிவு கட்டிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் தரப்பில், பங்குபெறும் ஒவ்வோர் ஆசிரியரும் மூன்றாண்டுக் காலம் தம் மாணவர்களின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்து துறைக்கு அளிப்பார் என்றும், அடுத்துவரும் ஆசிரியர் இருவருக்கு வழிகாட்டுவார் என்றும் உறுதி கூறுகிறோம்.

பல்கலைக்கழகங்கள் வழிகாட்டிகளைத் தேர்ந்து ஆய்வுப் பொருள்களை அறிவிக்கச் சில மாதங்கள் பிடிக்கும். தைப் பொங்கலுக்கு முன் அரசாணை வெளியானால்தான் மாசியில் விண்ணப்பம் பெற்று, பங்குனிக்குள் தேர்வை முடித்து, வருகின்ற கோடையிலேயே முதல் குழுவை அனுப்ப இயலும். இது குறித்து நேரில் விளக்கமளிக்க எங்கள் செயற்குழுவினர் ஐவருக்கு, இரு துறைச் செயலாளர்களும் ஒருங்கே இருக்கும் ஒரு நாளில், சந்திப்புக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு மிகுந்த பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்

நகல்: பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள்; மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்கள்; மாநிலப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்கள்.