மூன்றில் ஒரு பங்கு

போன மாதம் பேத்தியைக் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போயிருந்தோம். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை. மூன்று கட்டில், மூன்று மேசை, சுவரோடு சேர்ந்த ஒடுக்கமான அலமாரி மூன்று, மேலே நீளவாக்கில் ஒரு பரண். மூன்று பெண்களுக்கு அவ்வளவுதான். நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம்.

மருமகள் கெட்டிக்காரி. ஒரு வாரமாகக் கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டும் பை, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் அடுக்கு, காற்றை உறிஞ்சிப் போர்வையை அப்பளமாக்கும் உறை. இரண்டு மணி நேரத்தில் சன்னலோரக் கட்டில், அதன் அலமாரி, பரண், கதவின் பின்புறம் எல்லாம் எங்கள் வசம்.

சாயங்காலம் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். ஒரு பை, ஒரு பெட்டி, ஒரு வாளி. பரணை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. காரணம் பழையது.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு 1969இல் மேற்படிப்புக்காகப் புதுச்சேரிக்கு வந்தேன். விடுதியில் அறைக்கு நான்கு பேர். அலமாரியே கிடையாது. (அலமாரி போர்த்துக்கீசியர் தந்த சொல். பிரெஞ்சு 'அர்முவார்' அதற்குப் பங்காளி.) சுவரில் ஆணிகள், குறுக்கே ஒரு கொடி. தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை. காலுக்கு இரண்டு செங்கல் வைத்தேன், ஆறு அங்குலம் ஏறியது, பெட்டி உள்ளே போயிற்று. எனக்கு ஏகப்பட்ட பெருமை. முதலில் வந்தவன் என்பதால் ஆணிகளிலும் பாதி என்னுடையது.

கடைசியாக வந்தவன் வேட்டி சட்டையைச் செய்தித்தாளில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான். மடிப்பு நிற்பதற்காக என்று நினைத்திருந்தேன். மாட்ட ஆணி மிச்சமில்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் என் மண்டையில் ஏறியது. அவனாகச் சொல்லவே இல்லை.

விடுதி அறையில் இடம் பண்ணுவது எப்படி என்று இன்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். எனக்கும் ஒன்றிரண்டு தெரியும். பதிவறையில் குப்பை கொட்டியவன் அல்லவா. தினம் வேண்டிய கோப்பு கை எட்டும் உயரத்தில், எப்போதாவது வேண்டியது கீழே, முடிந்துபோனது உச்சியில். துணிமணிக்கும் அதே கணக்குதான். கொண்டுபோன பெட்டியைக் காலியாக வைக்காதீர்கள். மழைக்காலத்துக்கான போர்வையை அதற்குள் போட்டுக் கட்டிலடியில் தள்ளுங்கள். கட்டிலடி உயரத்தை அங்குல நாடாவால் அளந்த பிறகு பெட்டி வாங்குங்கள். வருடம் முழுவதற்குமான சாமானை ஒரே நாளில் இறக்காமல், ஊருக்கு வரும்போதெல்லாம் மாற்றி எடுத்துப் போகட்டும்.

ஆனால் இத்தனைக்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று பேர் அறையில் நம் பங்கு மூன்றில் ஒன்று. அதில் அடங்காததை வீட்டுக்குத் திருப்பி எடுத்து வர வேண்டும். எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் அடுத்த பிள்ளையின் பரணில் அடுக்கினால் அது ஆக்கிரமிப்புதான்.

"ஏம்மா, பரண்ல நம்ம பங்கு போக மீதியைக் காலி பண்ணிடலாமா?" என்றேன் மருமகளிடம், மெதுவாக.

"எல்லாமே வேண்டியதுதான் மாமா. நாளைக்கு அவ யார்கிட்ட போய்க் கேப்பா?"

அந்தத் தகப்பனார் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பேத்திதான் நாற்காலி மேல் ஏறி இரண்டு பெட்டிகளை இறக்கினாள். மூன்றாவது பெண் மறுநாள் வருவதாக வார்டன் சொல்லியிருந்தார். அவளுக்கும் இடம் விட்டோம்.

திரும்பி வரும்போது அந்தப் பெட்டிகளில் ஒன்று காரில் என் காலடியிலேயே வந்தது. கால் நீட்ட முடியவில்லை. மருமகள் என்னோடு சரியாகப் பேச இரண்டு நாள் ஆயிற்று. பெட்டிகள் இரண்டும் கூடத்தில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து எதையும் கேட்டுப் பேத்தியிடமிருந்து இதுவரை போன் வரவில்லை.